வாசல் வரை வந்த கொக்கி

9 ஜூன் 2025, திங்கள்

இன்று பழைய வண்டி விற்கிற கிண்டி யார்டில் இருந்தவர்கள்: நான், சொர்ணம். என் பிள்ளை பாலு. அவன் பெண்டாட்டி மணிமொழி. மணிமொழியின் தம்பி செம்பியன், எங்களுக்கு மரம் ஏறுகிறவன். என் தம்பி நெடுஞ்செழியன். வண்டியை விற்ற மெஹபூப் பாஷா. டீ கொண்டுவந்த ஆள் கேட்டோடு போய்விட்டான், அவனைச் சேர்க்கவில்லை.

முதலில் பெயரை எழுதிவிடுவது என் வழக்கம். பின்னால் ஒருத்தர் "நான் அங்க இல்ல" என்று சொல்லக் கூடாது. என் வீட்டுக்காரர் தணிகாசலம் விழுந்த அன்று, தி.நகரில் அந்த மரத்தடியில் ஐந்து பேர் இருந்தார்கள். அவர் மேலே கிளையில் கயிறு கட்டி முடிக்கவில்லை, கீழே எவனோ இழுத்தான். போலீஸ் வந்து கேட்டபோது ஐந்து பேருக்கும் ஒரே வாய்: நான் அங்க இல்ல. எத்திராஜ், கன்னியப்பன், தேசிங்கு, துலுக்காணம், என் தம்பி நெடுஞ்செழியன். பத்தொன்பது வருஷமாக இந்தப் பெயர்களைச் சொல்லாமல் என் வீட்டில் யாருக்கும் சோறு போட்டதில்லை. முதல் நாலு பேர் வீட்டில் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. தம்பி வீட்டில் குடிக்கிறேன். எங்க அம்மா சாகும்போது கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டாள், அதற்காக. குடித்தால் மறந்ததாக அர்த்தமா?

இந்த டைரி பேத்தி நிஷா வாங்கிக் கொடுத்தது. மூணாவதோடு என் படிப்பு நின்றது. எழுத்து கோணும். நினைப்பு கோணாது.

வண்டியைச் சொல்கிறேன். வெளிநாட்டு வண்டி. லாரி மாதிரி இருக்கிறது, டிராக்டர் மாதிரியும் இருக்கிறது. நாலு சக்கரமும் இழுக்கும், சேறு, மேடு, உடைந்த சுவர், எதன் மேலும் ஏறிப் போகும். முதுகில் ஆளைத் தூக்கிக் கிளைக்குப் பக்கத்தில் நிறுத்துகிற கூண்டு. மரத்தைத் தூளாக்கும் மிஷினைப் பின்னால் மாட்டிக்கொள்ளலாம். மூக்கில் ஒரு உருளை, அதில் இரும்புக் கம்பி வடம் சுற்றியிருக்கிறது, நுனியில் பெரிய கொக்கி. அதை வின்ச் என்கிறார்கள். கொக்கியை ஒரு ஆள் எடுத்துப் போய் மரத்தில் மாட்டினால், உள்ளே இருக்கிற ஆள் நெம்புகோலைத் தட்டுவான், மரம் நாய்க்குட்டி மாதிரி இழுபட்டு வரும். மரம் வெட்டுகிற காண்ட்ராக்டர் ஒருத்தர் வைத்திருந்து, ஏலத்தில் பாஷாவிடம் தள்ளியது.

இது கையில் இருந்தால் நாங்களே காண்ட்ராக்ட் எடுக்கலாம். போன புயலில் பாலு எவன் எவனிடமோ கூலிக்குப் போனான். எங்கேடா போனே, யாராண்ட போனே என்று கேட்டால், "எங்கெங்கயோ ம்மா" என்பான். அந்தப் பிழைப்பு இனி வேண்டாம் என்றுதான் மணிமொழி தன் நகையைக் கழற்றிக் கொடுத்தாள். இப்போது அவள் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும்.

எங்கள் தொழிலில் ஒரு முறை இருக்கிறது. பழைய கத்தி, பழைய கயிறு, எது வாங்கினாலும் கொடுக்கிறவன் அதன் மேல் கை வைத்து, இதனால் உசிர் போகவில்லை என்று சொல்ல வேண்டும். போயிருந்தால் அது கடலுக்கு. நான் கேட்டேன்: "பாய், இதுல உசிரு போயிருக்கா?"

மெஹபூப் பாஷா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "மா, ஏலத்துல வந்த வண்டி. எனக்குத் தெரியாத விசயத்துக்கு நான் கைய வைக்க மாட்டேன். கொண்டாந்த ஆள கேளுங்க."

இந்தப் பேரத்தைக் கொண்டுவந்தது என் தம்பி. அவன் சிரித்துக்கொண்டே பானட் மேல் பட்டென்று கையை வைத்தான். "யக்கா, ஒரு உசிரும் போவல. போதுமா? கற்பூரம் வேற ஏத்தணுமா?"

பாலுவையும் வைக்கச் சொன்னேன். அவன் அதற்குள் உள்ளே ஏறி உட்கார்ந்திருந்தான். "மாமா வெச்சாரே, அப்பறம் இன்னா" என்றான்.

உட்கார்ந்தவன் குனிந்துகூடப் பார்க்கவில்லை. கை சீட்டுக்குக் கீழே போயிற்று, நெம்புகோலைத் தட்டிற்று, வின்ச் சுற்றிற்று. பாஷாவுக்கே அது எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை, முன்னால் தேடிக்கொண்டிருந்தார். என் பிள்ளை கைக்கு அப்படி ஒரு தொழில் ஞானம். அப்பனைக் கொண்டு பிறந்திருக்கிறான்.

10 ஜூன், செவ்வாய்

வண்டி பறக்கும் ரயில் பாலத்தடியில், கால்வாய் ஓரம் நிற்கிறது. மூக்கு எங்கள் வாசலைப் பார்த்து. திருப்பி நிறுத்தடா என்றேன். இடம் பத்தாது என்றான்.

14 ஜூன், சனி

விடிந்து கோலம் போடக் கதவைத் திறந்தேன். கொக்கி வண்டியில் இல்லை. தரையில் இருந்தது, வண்டிக்கும் எங்கள் வாசலுக்கும் நடுவில். கம்பி நேராக விறைப்பாக இருந்தது. இழுத்துப் போட்ட கம்பி பாம்பு மாதிரி சுருண்டு கிடக்கும். இது யாரோ தோளில் போட்டுக்கொண்டு நடந்து வந்து, கொஞ்சம் இளைப்பாறக் கீழே வைத்த மாதிரி இருந்தது.

"பசங்க வெளையாட்டு" என்றான் பாலு. வண்டியைக் கிளப்பிக் கம்பியைச் சுற்றினான். சுற்றும்போது அவன் கொக்கியைப் பார்க்கவில்லை, வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

15 ஜூன், ஞாயிறு

இன்றும். ஒரு எட்டு கிட்டே.

16 ஜூன், திங்கள்

செம்பியன் கொக்கியை பம்பரோடு சேர்த்துச் சங்கிலி போட்டுப் பூட்டினான். சாவியை என் முந்தானையில் முடிந்துகொண்டேன். "அத்த, இனிமே பேய் வந்தாலும் உங்கள கேட்டுத்தான் தொறக்கணும்" என்று சிரித்தான். அபசகுனமாகப் பேசாதேடா என்றேன்.

19 ஜூன், வியாழன்

மந்தைவெளியில் முதல் வேலை. பட்டுப்போன வேப்பமரம். முன்பெல்லாம் மூன்று நாள் இழுக்கும் வேலை, மத்தியானத்துக்குள் முடிந்தது. தெருவே நின்று பார்த்தது. மணிமொழி முகத்தில் ரொம்ப நாளைக்குப் பிறகு வெளிச்சம்.

பிறகு அடையாறில் ஒரு மரத்தைப் பார்த்துவரப் போனோம். நேர்வழி இருக்கும்போது பாலு சுற்றிக்கொண்டு போனான். ஏண்டா என்றால், "அங்க தோண்டி வெச்சிருக்கானுங்க." நான் போன வாரம்தான் அந்தத் தெரு வழியாக ஷேர் ஆட்டோவில் போனேன். ஒரு பள்ளமும் இல்லை.

திரும்பி வந்து நிறுத்தியதும் கொக்கியை மறுபடி பூட்டினோம். சாவி என் முந்தானையில்.

20 ஜூன், வெள்ளி

பூட்டு பூட்டியபடியே இருக்கிறது. சங்கிலியும் பம்பரில் இருக்கிறது. கொக்கி தரையில் இருக்கிறது.

எப்படி?

23 ஜூன், திங்கள்

பாலத் தூணுக்குப் பக்கத்தில் ஒரு பெண் வந்து நிற்கிறாள். கறுப்பு பர்தா. முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும். காலையில் நின்றாள், நான் ரேஷன் கடைக்குப் போய் வந்த பிறகும் நின்றாள். வழி கேட்கிறவள் ஆளைப் பார்ப்பாள். இவள் வண்டியைப் பார்க்கிறாள். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறவர்களை வாசலில் நின்று பார்ப்போமே, அந்தப் பார்வை.

"யார வேணும் மா?" என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள்.

பாலு கதவுக்குப் பின்னால் நின்றிருந்தான். அவள் போன பிறகுதான் வெளியே வந்தான்.

27 ஜூன், வெள்ளி

இன்று எழுத்து இன்னும் கோணலாக வரும்.

வெள்ளிக்கிழமை என்று பெரிய கோலமாகப் போட்டேன். கொக்கி பம்பரில் இருந்ததை இந்தக் கண்ணால் பார்த்தேன். உள்ளே போய் ஒரு வாய் காப்பி குடித்தேன், டம்ளரைக் கழுவி வைத்தேன், வெளியே வந்தேன். கொக்கி கோலத்துக்கு நடுவில் உட்கார்ந்திருந்தது. கம்பி கோலத்தின் மேலேயே கிடந்தது. நல்ல வெயில் வந்துவிட்ட நேரம்.

ஒரு புள்ளி அழியவில்லை. ஒரு கோடு கலையவில்லை. இழுத்திருந்தால் மாவு அழியாதா? தூக்கிக்கொண்டு வந்து, கோலத்தை மிதிக்காமல், மெல்லக் குனிந்து வெச்சிட்டுப் போயிருக்காங்க. யாரு? அவ்வளவு பதனமா நடந்து வர்ற ஆளு யாரு?

நெடுஞ்செழியன் வந்து பார்த்தான். "கிளட்ச் லூசு யக்கா. ஸ்பிரிங் அடிச்சி வந்திருக்கும்." கோலத்தைக் காட்டினேன். பீடியைப் பற்ற வைக்கப் பார்த்தான். தீக்குச்சி அணைந்தது. இன்னொன்று. அதுவும்.

பாலு படுத்துக்கொள்வது வாசல் ரூமில். கொக்கியின் வாய் அந்த ரூமைப் பார்த்துத் திறந்திருந்தது.

3 ஜூலை, வியாழன்

அடையாறில் வேலை. இருந்தவர்கள்: நான், பாலு, செம்பியன், நெடுஞ்செழியன். வீட்டுக்காரர்கள் மாடியில். வாட்ச்மேன் கேட்டில். வேறு யாரும் இல்லை. சத்தியமாக இல்லை.

காற்றில் சாய்ந்த பெரிய தூங்குமூஞ்சி மரம், காம்பவுண்டுக்குள்ளேயே விழுந்து கிடந்தது. எங்கள் வேலையில் இன்னொரு முறை இருக்கிறது. இழுக்கிறவன் "விட்டாச்சா?" என்று கத்த வேண்டும். மரத்தடியில் கட்டுகிறவன் கையை எடுத்துத் தள்ளி வந்த பிறகு "விட்டாச்சு" என்று கத்த வேண்டும். பதில் வராமல் ஒரு கயிறும் நகரக் கூடாது. என் வீட்டுக்காரரைக் கொன்றது அந்தப் பதிலுக்குக் காத்திருக்காத கைதான். பாலுவுக்குப் பேச்சு வந்த வயசிலிருந்து இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பள்ளிக்கூடம் போகும்போது அவன் பையைத் தோளில் மாட்டிவிட்டு நானே கேட்பேன், விட்டாச்சா? விட்டாச்சு ம்மா என்று ஓடுவான்.

செம்பியன் கொக்கியை மாட்டிவிட்டு என்னிடம் வந்து தண்ணீர் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தான். பாலு உள்ளே. கண்ணாடியை இறக்கிக் கத்தினான்: "விட்டாச்சா?"

செம்பியன் வாயில் பாட்டில் இருந்தது. அவன் பதில் சொல்லவில்லை.

மரத்துக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. "இரு... இன்னும் வுடல."

அதட்டலும் இல்லை, பயமும் இல்லை. கை வேலையாக இருக்கிற ஆள் தலையைத் தூக்காமல் சொல்வது மாதிரி. பல்லிடுக்கில் எதையோ கடித்துக்கொண்டு சொல்வது மாதிரி.

நானும் செம்பியனும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம். அவன் கழுத்தில் மயிர் எழும்பி நின்றது. நெடுஞ்செழியன், "எந்த நாய்டா அது?" என்று சொல்லிக்கொண்டே மரத்தைச் சுற்றி வந்தான். மரத்துக்குப் பின்னால் சுவர். சுவர் மேல் கண்ணாடிச் சில்லு. ஒரு பூனைகூட இல்லை.

பாலு எஞ்சினை நிறுத்திவிட்டான். இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான், நான் எதையும் தொடவில்லை என்று யாருக்கோ காட்டுகிற மாதிரி. பிறகு இறங்கினான். சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான்.

நாங்கள் எல்லோரும் பயந்தோம். ஆனால் "யாருடா அது" என்று நாங்கள்தான் கேட்டோம். அவன் கேட்கவில்லை.

4 ஜூலை, வெள்ளி

வண்டியைக் கொண்டுவந்து அதே இடத்தில் விட்டதோடு சரி. காய்ச்சல் என்று படுத்திருக்கிறான். மணிமொழி கஞ்சி வைத்துக் கொடுத்தாள். நான் சோறு போடும்போது சொல்கிற ஐந்து பெயரைச் சொன்னேன். அஞ்சாவது பெயர் முடிந்த பிறகும் அவன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

7 ஜூலை, திங்கள்

அந்தப் பெண் இன்று வந்தாள். நான் முக்காலியைப் போட்டு, உட்காரு மா என்றேன். உட்கார்ந்தாள். பெயர் சகினா. ராயப்பேட்டையில் இருக்கிறாள், பிளவுஸ் தைக்கிறாள்.

"மந்தவெளியில பார்த்தேன் மா இந்த வண்டிய. பின்னாடியே வந்தேன். எங்க வூட்டுக்காரரு ஓட்டுன வண்டி."

ஃபைசான் என்று பெயராம். இந்த வண்டியில் டிரைவர். போன புயலுக்கு மறுநாள் அடையாறில் ரோட்டில் விழுந்த மரத்தை எடுக்கும்போது போய்விட்டார். அவள் அந்தத் தெருவின் பெயரைச் சொன்னாள். பாலு சுற்றிக்கொண்டு போனானே, அந்தத் தெரு.

"எங்க ஆளு மரத்தாண்ட கொக்கிய மாட்டிக்கினு இருந்தாரு. கை உள்ள இருக்க சொல்லவே வின்ச் இழுத்துக்கிச்சி. மரம் உருண்டு மேல வந்துடுச்சி." பர்தா நுனியை விரலில் சுற்றினாள். "அவரு குடிச்சிருந்தாரு, தனியா வண்டிய தொட்டாருன்னு எழுதிட்டாங்க மா. அவரு கல்யாணத்துல குடுக்கற சோடாவையே மூக்குல ஏறுதுன்னு வெச்சிடுவாரு. என் பையன ஸ்கூல்ல குடிகாரன் புள்ளன்றானுங்க."

தண்ணீர்ச் சொம்பை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"நீங்களே சொல்லுங்க. ஒரு ஆளு கொக்கிய எடுத்துக்கினு மரத்தாண்ட போனா, உள்ள இருந்து இழுக்க இன்னொரு ஆளு வேணும் இல்ல? அந்த ஆளு யாரு? அன்னிக்கி வேல செஞ்சவங்கள்ல பேரு தெரிஞ்ச எல்லாரையும் போய்ப் பார்த்தேன். எல்லாரும் ஒண்ணே ஒண்ணு சொல்றாங்க."

அவள் சொல்வதற்கு முன்னால் எனக்குத் தெரியும். பத்தொன்பது வருஷமாகத் தெரியும்.

"நான் அங்க இல்ல, அப்படின்றாங்க மா."

அந்த ஆள் கிடைத்தால் என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேன்.

"இன்னா செய்யப் போறேன்? ஸ்டேசன்ல வந்து, அவரு குடிக்கல, நாந்தான் இழுத்தேன்னு சொல்லட்டும். எம் புள்ள தலைய தூக்கிக்கினு ஸ்கூலுக்குப் போவும்."

போகும்போது வண்டியின் கொக்கியைத் தொட்டுப் பார்த்தாள். குழந்தையின் நெற்றியில் காய்ச்சல் பார்ப்பது போல. "பொறுமைய பத்தி அவருகிட்டதான் மா கத்துக்கணும்" என்றாள். "எத்தயும் தூக்கிப் போட மாட்டாரு. மெதுவா, பதனமா வைப்பாரு."

கிண்டி யார்டில் பாலு குனியாமல், பார்க்காமல், கை சீட்டுக்கு அடியில்

எழுதக் கை வரவில்லை.

8 ஜூலை, செவ்வாய்

மழை. கொக்கி இன்று வாசற்படி மேல்.

9 ஜூலை, புதன்

மழை விடவில்லை.

நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்குத் தெரியும்? வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். கடலில் தள்ள முடியாது, இரும்புக் கடையில் போடலாம். நிஷாவுக்கு அப்பா வேண்டாமா? மணிமொழி எந்த முகத்தோடு தெருவில் நடப்பாள்? எம் புள்ள. ஒரே புள்ள. அப்பன் செத்தப்ப அவன் இடுப்புல கயிறு கட்டிக்கினு மரம் ஏறக் கத்துக்கிட்ட வயசு. ராத்திரி என் சேலையைப் பிடிச்சிக்கினு, அந்த அஞ்சு பேரையும் நான் பெருசானதும் கேக்கறேன் ம்மான்னு சொன்னவன்.

அந்த ஐந்து பேருடைய அம்மாக்களும் இப்படித்தான் அன்றைக்கு நினைத்திருப்பார்கள். அதில் ஒருத்தி எங்க அம்மா.

10 ஜூலை, வியாழன்

இருந்தவர்கள்: நான். பாலு. மணிமொழி. செம்பியன். சகினா. ஆள் அனுப்பி வரவழைத்தேன், வந்தாள். நெடுஞ்செழியனைக் கூப்பிட்டேன், வரவில்லை. நிஷா பள்ளிக்கூடத்தில்.

வண்டி அடையாறிலிருந்து வந்த பிறகு கிளப்பப்படவில்லை. மூன்று நாள் மழையில் நனைந்து நின்றது. பாலத்துச் சொட்டு இன்னும் பானட் மேல் விழுந்துகொண்டிருந்தது.

பாலுவைக் கூப்பிட்டேன். "நைனா, அன்னிக்கி யார்டுல உங்க மாமன் கை வெச்சான். நீ வெக்கல. இப்ப வை."

"எதுக்கு ம்மா இப்ப போய்..."

"வை. இதால உசிரு போவலன்னு சொல்லு. அப்பறம் நான் உன்ன ஒண்ணும் கேக்க மாட்டேன். சாவற வரிக்கும் கேக்க மாட்டேன்."

அவன் சகினாவைப் பார்க்காமல் நடந்தான். கையை நீட்டினான். உள்ளங்கை பானட்டில் பட்டது. பட்டதுதான், ஐயோ என்று கத்திக்கொண்டு கையை உதறினான். "சுடுது ம்மா! எஞ்சின் ஓடுது, அணைங்க! யாரோ உள்ள கீறாங்க, அணைங்க!"

எஞ்சின் ஓடவில்லை. வண்டிச் சாவியும் என் முந்தானையில்தான் இருந்தது. நான் பானட்டில் கை வைத்தேன். பனிக்கட்டி மாதிரி இருந்தது. செம்பியன் வைத்தான், ஜில்லுன்னு கீதே மாமா என்றான். சகினா வைத்தாள், வைத்தபடியே நின்றாள்.

பாலுவின் உள்ளங்கை சிவந்து கொப்பளம் கிளம்பிக்கொண்டிருந்தது. எல்லோரும் பார்த்தோம். இதை நான் மட்டும் பார்த்ததாக எழுதவில்லை. மேலே பெயர் இருக்கிறது.

அவன் அப்படியே ஈரத்தில் உட்கார்ந்தான். சொன்னான்.

மழை பெய்துகொண்டிருந்ததாம், கண்ணாடியை ஏற்றியிருந்தானாம். விட்டாச்சா என்று கேட்டானாம். பதில் காதில் விழவில்லை. காண்ட்ராக்டர் வெளியே நின்று, சீக்கிரம்டா, சீக்கிரம்டா என்று கையை ஆட்டினார். "விட்டிருப்பாருன்னு நெனச்சேன் ம்மா."

"அப்பறம்?"

"மாமாவும் அங்க கூலிக்கு வந்திருந்தாரு. அவருதான் என்ன இழுத்துக்கினு போனாரு. நான் அங்க இல்லன்னு சொல்லு, முடிஞ்சிச்சின்னாரு. உன்ன மாதிரி இழுத்துட்டுத்தான் நானும் அப்படி சொன்னேன், இத்தினி வருசமா எனக்கு இன்னா ஆயிடிச்சி, நல்லாத்தானே கீறேன்னாரு."

கேட்டீர்களா. அப்படியானால் தி.நகரில் கயிற்றை இழுத்த கை எது என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. பத்தொன்பது வருஷக் கேள்விக்குப் பதில், என் பிள்ளை வாயிலிருந்து, இந்த மாதிரி வர வேண்டுமா?

"அந்த வண்டியையே எதுக்குடா வாங்கின?" இதைக் கேட்டது மணிமொழி. வெறுங்கழுத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"பழகுன வண்டி. நல்ல வண்டி" என்றான். பிறகு, "வேற எவனாச்சும் வாங்கி எதுனா கேட்டுட்டா? எங்கிட்டயே இருந்தா யாருக்கும் தெரியாதுன்னு..."

சகினா அவனை அடிக்கவில்லை, சபிக்கவில்லை. "அவரு குடிச்சிருந்தாரா?" என்று மட்டும் கேட்டாள்.

"இல்ல."

"சத்தமா சொல்லு."

"இல்ல!" என்று கத்தினான். பாலத்தடியில் அது திரும்பத் திரும்பக் கேட்டது.

11 ஜூலை, வெள்ளி

பாலு ஸ்டேஷனுக்குப் போனான். முன்னால் சகினா, பின்னால் செம்பியன். நான் போகவில்லை. கொக்கி பம்பரிலேயே இருந்தது.

14 ஜூலை, திங்கள்

வண்டியைப் போலீஸ் எடுத்துப்போனது. அது நின்ற இடம் காய்ந்து வெளுத்துக் கிடக்கிறது. அங்கிருந்து எங்கள் படி வரைக்கும் மண்ணில் ஒரு கோடு. யாரும் அதன் மேல் வண்டி நிறுத்துவதில்லை. நாய்கூடத் தாண்டித்தான் போகிறது.

18 ஜூலை, ஆடி முதல் வெள்ளி

முண்டகக்கண்ணி அம்மன் கோயிலுக்குக் கூழ் எடுத்துப் போகிற கூட்டம் விடிவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டது. அவர்கள் போய் முடிந்த பிறகு, கொஞ்சம் அமைதியான நேரத்தில், கோலம் போட உட்கார்ந்தேன். நாலாவது புள்ளி வைக்கும்போது, வண்டி நின்ற அந்த வெறும் இடத்திலிருந்து குரல் கேட்டது. அதே ஆள். இந்த முறை பல்லிடுக்கில் எதுவும் இல்லை. கை காலியான ஆள் குரல்.

"விட்டாச்சு."

நிமிர்ந்து பார்க்கவில்லை. கோலத்தைப் போட்டு முடித்தேன். இன்றைக்கு நிறையப் புள்ளி வைத்தேன்.

நேற்று சகினா வந்திருந்தாள். குடித்திருந்தார் என்று எழுதியது தப்பு என்று ஸ்டேஷனில் திருத்தி எழுதிக்கொண்டார்களாம். பையனும் வந்திருந்தான், என் கையிலிருந்து முறுக்கு வாங்கிக்கொண்டான். நெடுஞ்செழியனையும் காண்ட்ராக்டரையும் விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். போகிற வழியில் என் வாசலில் நின்று கத்தினான் தம்பி: "பெத்த புள்ளைய புடிச்சிக் குடுத்தியே, நீயெல்லாம் ஒரு தாயா?" எத்திராஜ் அம்மா, கன்னியப்பன் அம்மா, நம்ம அம்மா, எல்லாரும் நல்ல தாய்ங்கதான்டா, போடா என்றேன். மணிமொழி என்னோடு பேசுவதில்லை. பேசாமல் இருக்க அவளுக்கு உரிமை இருக்கிறது.

பாலு ஜாமீனில் வந்துவிட்டான். கையில் கட்டு. டாக்டர், கொதிக்கிற எதையோ தொட்டிருக்கிறாய் என்றாராம்.

மத்தியானம் தட்டு வைத்தேன். சோறு போட்டேன், மோர்க் குழம்பு ஊற்றினேன். வழக்கம்போலப் பெயர்களைச் சொன்னேன். எத்திராஜ், கன்னியப்பன், தேசிங்கு, துலுக்காணம், நெடுஞ்செழியன். நிறுத்தவில்லை, ஆறாவது பெயரையும் சொன்னேன். அவன் கை தட்டிலேயே நின்றது.

"என்ன மன்னிக்கவே மாட்டியா ம்மா?"

குழம்பு வேணுமா என்று கேட்டேன்.

மன்னிக்க முடியாத ஒரே ஒரு பெயரை எழுது என்றால், நான் நெடுஞ்செழியன் பெயரைத்தான் எழுதுவேன் என்று எல்லோரும் நினைப்பார்கள். என் வீட்டுக்காரர் கயிற்றை இழுத்தவன், பானட்டில் பொய்க்கை வைத்தவன், என் பிள்ளைக்கு அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிக் கொடுத்தவன். அவன் எனக்குப் பழகிவிட்டான். பத்தொன்பது வருஷமாக அவன் பேரில் எனக்கு வேறு எதிர்பார்ப்பு இல்லை. அந்த ஐந்து பெயரைக் கேட்டுக் கேட்டு, அதைச் சோற்றோடு பிசைந்து தின்று வளர்ந்த ஆள் உலகத்தில் ஒருத்தன்தான் இருக்கிறான். கண்ணாடியை இறக்கி இன்னொரு தரம் கேட்டிருந்தால் போதும். கேட்காமல் இழுத்ததைக்கூட விட்டுவிடுவேன். மழை, எஞ்சின் சத்தம், எவனோ கையை ஆட்டினான், சரி. ஆனால் ஃபைசான் செத்த மறுநாள் காலையில் என் எதிரில் உட்கார்ந்து, அந்தப் பெயர்களை நான் சொல்லச் சொல்ல, தலை குனிந்து முழுச் சோற்றையும் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனானே.

பாலு.